ரோமாபுரிக்கு ஒரு வலம்

மறையூர்ச் சாலைக்கு இரண்டே முனை. இறக்கத்தில் போனால் சின்னார், ஒன்பதாறு செக்போஸ்ட், அப்புறம் உடுமலை. ஏற்றத்தில் போனால் தலையாறு, வாகுவரை, மூணாறு. பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் பார்த்தால் எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. “மேலயா, கீழயா?” அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சாலையிலும் ஆனை குறுக்கே நின்றுவிட்டால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுவார். பஸ்ஸுக்குள் கைக்குழந்தைகூட மூச்சுக் காட்டாது. ஆனை தின்று முடித்து, காதை ஆட்டி, மனசு வந்து இறங்கிப் போன பிறகுதான் உடுமலைச் சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாம். இந்தச் சாலையிலேயே போய்வந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னைக் கொண்டுபோய் முனையே இல்லாத ஒரு சாலையில் ஏற்றிவிட்டார்கள்!

ரோம் நகரத்தைச் சுற்றி ஓடுகிற அந்தச் சாலையின் முழுப்பெயர் கிராந்தே ரக்கோர்தோ அனுலாரே. ஊர்க்காரர்கள் ‘ரக்கோர்தோ’ என்று சுருக்கிவிடுகிறார்கள். நீளம் 68 கிலோமீட்டர் சொச்சம். போக மூன்று தடம், வர மூன்று தடம். நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான வண்டிகள். இத்தாலியில் பெருவழிச் சாலைகளில் ஏறினாலே பெரும்பாலும் காசு. இதிலோ ஒரு சுங்கச்சாவடிகூடக் கிடையாது. ஏறின இடத்திலேயே வந்து இறங்கிக்கொள்ளலாம். எந்த ஊருக்கும் போகாத சாலைக்கு இத்தனை கூட்டமா என்று முதலில் எனக்கு விளங்கவே இல்லை.

தங்கை மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் கூப்பிட்டதால்தான் போனேன். (கேரளத்து நர்ஸோ கன்னியாஸ்திரீயோ இல்லாத தெரு ரோமில் இருக்குமா என்பது சந்தேகம். வத்திக்கான் பக்கம் போகிற பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் மலையாளத்தில் மத்தி விலை பேசிக்கொண்டு வந்தார்கள்.) கொலோசியம் பார்த்தேன், புனித பேதுரு பேராலயம் பார்த்தேன், கழுத்து வலிக்க அண்ணாந்தேன். அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரக்கோர்தோவைக் காட்டியவன் என் பழைய மாணவன். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டுகிறான். வளையத்தை ஒட்டிய கடைகளுக்கெல்லாம் சரக்கு இறக்குவது அவன் வேலை. டீச்சர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

“டீச்சர், எல்லா ரோடும் ரோமுக்குத்தான் போகும்னு கிளாஸ்ல சொன்னீங்கல்ல? நேரா எதுவும் போகாது. எல்லாம் ரக்கோர்தோவுல வந்து முட்டும். நாளைக்கு எனக்கு முழுச் சுத்து இருக்கு. வர்றீங்களா?”

கரும்பு விளைகிற ஊர்க்காரியிடம் கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கிறான். கிளம்பிவிட்டேன்.

ஜனவரி மாதம். விடிந்தும் விடியாத நேரம். குளிர் எனக்குப் பழக்கம்தான். மூணாற்றில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள், காந்தளூர்க் குளிரில் ஆப்பிள் காய்ப்பதைப் பார்த்தவள். ஆனால் எங்கள் ஊர்க் குளிருக்கு மரியாதை உண்டு. வாசலோடு நிற்கும், அடுப்பு மூட்டினால் போய்விடும். ரோம் குளிர் ஈரமானது. கோட்டு, ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றையும் தாண்டி முழங்கால் மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாடகையும் தராமல் இருக்கிறது. வேனுக்குள் ஏறினால் அங்கே வேறொரு குழப்பம். ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊரில் டிரைவர் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஒன்றும் இல்லை! எதிரே லாரி வரும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அவன் பார்த்தும் பார்க்காததுபோல வந்தான். பின்னால் பெட்டிகளில் ஆரஞ்சு, பெருஞ்சீரகக் கிழங்கு, முள்ளுப் பூவைப்போல இருக்கும் கார்ச்சோஃபி. வேன் முழுக்கச் சோம்பு மணம்.

மேற்கே ஆரேலியா சாலை சந்திக்கிற இடத்தில் ஏறினோம். அங்கேதான் முதலாம் எண் வெளியேறும் வழி. பலகைகள் பச்சை நிறம். இத்தாலியில் பெருவழிச் சாலைக்குப் பச்சை, ஊருக்கு வெளியே ஓடுகிற மற்றச் சாலைகளுக்கு நீலம். சரிவுப் பாதையில் இறங்கி வேன் அந்த வண்டி வெள்ளத்தில் கலந்த கணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாரும் ஒரே வேகத்தில், ஒரே திசையில், ஏதோ பெரிய காரியத்துக்குப் போகிற முகத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் மட்டும் கிடையாது. நம் ஊரில் ஹாரன் செய்கிற வேலையை இங்கே கை செய்கிறது. ஐந்து விரலையும் மொட்டுப்போலக் குவித்து ஆட்டினால் “என்னய்யா ஓட்டுற?” என்று பொருளாம்.

வானொலியில் ஒரு பெண் குரல் போக்குவரத்து நிலவரம் வாசித்தது. ‘இந்தெர்னா’, ‘எஸ்தெர்னா’ என்று இரண்டு சொல் திரும்பத் திரும்ப வந்தது. என்னடா அது என்றேன்.

“உள்வளையம், வெளிவளையம் டீச்சர். நாம இப்ப உள்வளையத்துல போறோம்.”

இங்கே வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். உள்வளையம் கடிகார முள் போகிற திசை. நகரம் எப்போதும் நம் வலது கைப் பக்கம். அட, இது பிரதட்சிணம் அல்லவா! வெளியேறும் வழிகளின் எண்களும் அந்தத் திசையிலேயே ஏறிக்கொண்டு போகின்றன. கோயிலையோ மலையையோ வலம் வருகிற முறைப்படியே ரோமாபுரியை வலம் வந்துகொண்டிருக்கிறேன். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இது அதைப்போல ஐந்து மடங்கு. செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். “கழட்டாதீங்க டீச்சர், விரல் வெறைச்சுப் போயிடும்” என்றான். வெளிவளையத்தில் எதிரே வருகிற அத்தனை பேரும் அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறார்களே, இவர்கள் கதி என்ன என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ரோமுக்கு வளையம் புதிதில்லை. கி.பி. 271-இல் ஆரேலியன் என்ற பேரரசன் எதிரிகளுக்குப் பயந்து ஊரைச் சுற்றி மதில் கட்டத் தொடங்கினான். 19 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. ஊர் அந்த மதிலைத் தாண்டி வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1948-இல், ஊருக்கு வெகு வெளியே, ஆடு மேய்கிற வெறும் வயலில் இந்த வளையத்துக்கு மண் வெட்டினார்கள். 1951-இல் முதல் துண்டு திறந்தது. வளையம் முழுதாக மூடியது 1970-இல். அதற்குள் ஊர் வந்து எட்டிப்பிடித்துவிட்டது. இப்போது இதையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அரசுச் சாலை நிறுவனத்தில் இதற்காக மெனக்கெட்டவர் எயுஜெனியோ கிரா என்ற பொறியாளர். சாலைப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவர் குடும்பப் பெயரே வருகிறது! நம் ஊரில் பாலத்துக்குப் பெயர் வைக்க எத்தனை ஊர்வலம், எத்தனை சுவரொட்டி. மனிதர் சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்.

வடமேற்கில் போகும்போது நகரம் திடீரென்று காணாமல் போனது. பள்ளத்தாக்கு, ஓக் மரம், புல். ஓரிடத்தில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆட்டு மந்தை. இங்கே எப்படிடா ஆடு என்று கேட்டால், அந்தப் பால்தான் பெக்கொரீனோ சீஸ், ரிக்கோத்தா எல்லாம் என்கிறான். ஆடு மட்டுமில்லை. வளையத்துக்கு உள்ளேயே இன்சுகெராத்தா என்று ஒரு காப்புக்காடு இருக்கிறது. அங்கிருந்து காட்டுப்பன்றிகள் குட்டி குட்டியாக வரிசை கட்டிக்கொண்டு வடக்கு ரோமின் தெருக்களுக்கு வந்து குப்பைத்தொட்டியை உருட்டுமாம். கேட்டதும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. எங்கள் கரும்புத் தோட்டத்தில் பாதி அவர்களுக்குத்தான். 2022 மே மாதம் இந்தப் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்துவிட்டது. நோய் வெளியே பரவாமலிருக்க ரக்கோர்தோவையே எல்லைக் கோடாக வைத்து, சாலைக்கு அடியில் பன்றி நுழைகிற வழிகளை அடைத்தார்கள். எதிரிப் படைக்கு அஞ்சி மதில் கட்டிய ஊர், பதினேழு நூற்றாண்டு கழித்து இன்னொரு வளையத்தைப் பன்றிக்கு மதிலாக்கியிருக்கிறது. நாங்களோ ஆனைக்கு அகழி வெட்டி, சந்தனக் காட்டுக்கு வேலி போட்டு, ராத்திரி முழுக்கக் காவல் நிற்கிறோம். யார் உள்ளே, யார் வெளியே என்கிற தொல்லை எல்லா ஊருக்கும் இருக்கிறது.

டைபர் ஆற்றை இரண்டு இடத்தில் தாண்டவேண்டும். வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை. வடக்குப் பாலத்தில் கீழே எட்டிப் பார்த்தால் காப்பித் தூள் கரைத்த நிறத்தில் தண்ணீர். இந்த ஆற்றில் விலாங்கு பிடித்துப் பிழைக்கிற ஒரு மீனவரை ஜான்ஃப்ராங்கோ ரோசி எடுத்த ‘சாக்ரோ ஜிஆர்ஏ’ படத்தில் பார்த்திருக்கிறேன். ரக்கோர்தோவின் ஓரத்தில் வாழ்கிறவர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. 2013-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. ஆவணப்படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. ஆம்புலன்ஸில் ஓடுகிற ஒருவர், அடுக்குமாடிச் சன்னலில் மகளோடு பேசிக்கொண்டே இருக்கிற ஒரு முதியவர், இப்படி யார் யாரோ வருகிறார்கள். கொலோசியம் வந்ததாக ஒரு காட்சிகூட நினைவில் இல்லை.

அந்தப் படத்தில் என்னை எழுந்து உட்காரவைத்தவர் வேறொருவர். பனை மரத்தில் துளை போட்டு, ஒலிவாங்கியைச் செருகி, உள்ளே பூச்சி மெல்லுகிற சத்தத்தைக் காதுமாட்டியில் கேட்டுக்கொண்டிருக்கிற ஆய்வாளர். பூச்சி எது? நம் தென்னந்தோப்புச் சிவப்புக் கூன்வண்டு! தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிறந்த வண்டு, அலங்காரப் பனைகளை ஏற்றி இறக்குகிற வியாபாரத்தோடு சேர்ந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போய்விட்டது. ரோமில் எத்தனையோ பனைகளை மொட்டையாக்கியிருக்கிறது. நானே சாலையோரத்தில் ஒன்றைப் பார்த்தேன். கொண்டை சரிந்து, மடிந்த குடைபோலத் தொங்கிக்கொண்டு. உடுமலைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஒலிவாங்கி எதுவும் இல்லாமல் தென்னை மரத்தில் காதை வைத்தே இந்த வண்டின் புழுவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விசா எடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்த வண்டு எப்படி வந்தது பாருங்கள்.

கிழக்குப் பக்கம் போகப் போக ஊர் நெருங்கியது. வெளியேறும் வழிகளின் பெயரெல்லாம் என் பாடப்புத்தகத்துச் சாலைகள்: கசியா, ஃப்ளமீனியா, சலாரியா, நோமென்தானா, திபுர்தீனா, பிரெனெஸ்தீனா, கசிலீனா. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் படையும் உப்பும் போன வழிகள், இங்கே கட்டில் நாற்காலி விற்கிற கடைக்குப் போகிற வழிகளாக நிற்கின்றன. நடுவில் ஒரு வழிக்குப் பெயர் ‘பால் நிலையம்’. ரோம் நகரத்துப் பால் பண்ணை இருக்கிற இடம். நம் மில்மா ஸ்டாப் மாதிரி! பழம்பெரும் சாலைகளுக்கு நடுவில் ஒரு பால்காரர் இடம் பிடித்துவிட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் காப்பிக்கு நிறுத்தினான். உள்ளே போனதும் வறுத்த கொட்டை மணமும் வெண்ணெய் மணமும் மூக்கை நிறைத்தன. காப்பி என்று தந்ததைப் பார்த்ததும் யாரோ குடித்துவிட்டு மிச்சம் வைத்ததோ என்று நினைத்தேன். குவளையின் அடியில் ஒரு மடக்கு. உட்காருகிறவர்கள் யாரும் இல்லை. லாரிக்காரர், போலீஸ்காரர், கோட்டுப் போட்ட அம்மாள் எல்லாரும் பளிங்குப் பலகையில் முழங்கை ஊன்றி நின்று, ஒரே வாயில் கவிழ்த்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருந்து குடிக்கிற கூட்டம்! பாலில்லாக் காப்பி எனக்கு இறங்காது என்று பால் காப்பி கேட்டேன். காலை நேரம் என்பதால் தந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கேட்டிருந்தால் வயிறு சரியில்லையா என்று விசாரிப்பார்களாம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லச் சர்க்கரை உருண்டையைப் பையன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, பல்லால் ஒரு துண்டு கடித்து, அந்தக் கசப்பை அதன்மேல் ஊற்றிக்கொண்டான். மறையூர் சர்க்கரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரக்கோர்தோவில் அதற்குக் கிடைத்த மரியாதை இதுதான். கடைக்காரர் அந்தப் பழுப்பு உருண்டையைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். முதலில் முகர்ந்தார், அப்புறம் விரலைக் குவித்து உதட்டில் வைத்து முத்தம் பறக்கவிட்டார். நல்லது என்றால் அப்படித்தானாம்.

அப்புறம் மாட்டினோம். நெரிசல் என்றால் நான் ஆனைக்காக நின்றிருக்கிறேன். ஆனை கண்ணுக்குத் தெரியும், போனால் வழி திறக்கும். இங்கே எதற்காக நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நின்றோம், நகர்ந்தோம், நின்றோம். ஃபெல்லினி தன் ‘ரோமா’ படத்தில், 1972-இல், மழையில் ரக்கோர்தோ நெரிசலை நீளமாகக் காட்டியிருப்பார். அதற்காகச் சாலையின் ஒரு துண்டையே சினேசித்தா படப்பிடிப்பு வளாகத்துக்குள் செட்டாகப் போட்டார் என்பார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அந்த வளாகம் அதிக தூரமில்லை. உண்மையான நெரிசல் காசில்லாமல் தினமும் கிடைக்கிறபோது எதற்குச் செட் போட்டாரோ!

நிற்கிற நேரத்தில் பையன் பேசினான். ரோமில் ஒருவரை இன்னார் என்று எடைபோட ஒரு கேள்வி இருக்கிறதாம்: வீடு ரக்கோர்தோவுக்கு உள்ளேயா, வெளியேயா? அவன் வீடு வெளியே. வாடகை குறைவு. ஆனால் மெட்ரோ வராது. பஸ் நினைத்தபோது வரும். “நம்ம ஊரு பஸ் மாதிரி டீச்சர். ஆனா இங்க ஆனைமேல பழி போட முடியாது.” உள்ளே இருக்கிறவர்கள் வளையத்தைத் தாண்டி வரவே சோம்பல்படுவார்கள் என்றான். வாரக்கணக்காகக் கூப்பிட்டும் ஒரு சிநேகிதன் சாப்பிட வரவில்லையாம். தூரம் எட்டே கிலோமீட்டர். சென்னையிலும் ஐதராபாத்திலும் இந்தப் பேச்சு இனிமேல்தான் வரும் என்று தோன்றியது. சென்னைக்கு முழு வளையம் போட முடியாது, கிழக்கே கடல். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வில்லாக வளைத்ததோடு சரி. ஐதராபாத்தின் வளையம் 158 கிலோமீட்டர், லண்டனுடையது 188. நீளத்தில் ரோம் இவர்களுக்குத் தம்பிதான். ஆனால் லண்டன் வளையம் மூடியது 1986-இல். ரோம் அதற்குப் பதினாறு வருஷம் முந்திவிட்டது.

சாலையோர வண்டிக்கடையில் மத்தியானச் சாப்பாடு. முழுப் பன்றியை எலும்பு நீக்கி, பூண்டும் ரோஸ்மேரியும் திணித்துச் சுட்டு, மேல்தோல் அப்பளமாக நொறுங்கும்படி வெட்டி ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள், போர்கெத்தா. அந்த மணம் நூறடிக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்ட வைத்துவிடும். அவன் அதைத் தின்றான். நான் ரிக்கோத்தாவும் ரொட்டியும். காலையில் பார்த்த ஆடுகளுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

தென்கிழக்கில் சாலை ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. விளக்கு ஓடியது, சத்தம் பெருத்தது, ஒரு நிமிஷத்துக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. மலையே இல்லாத இடத்தில் எதற்குச் சுரங்கம்? அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வழியில் இறங்கி, சந்து சந்தாக ஓட்டி, ஒரு கல்பாதையின் பக்கத்தில் நிறுத்தினான். இறங்கி நடந்தோம். பளபளவென்று தேய்ந்த பெரிய கரும்பாறைக் கற்கள். இரண்டு பக்கமும் குடை விரித்த ஊசியிலை மரங்கள், சைப்பிரஸ். ஒரு ஈ காக்கை இல்லை. எங்கோ அடிவயிற்றில் ஒரு முணுமுணுப்பு மட்டும்.

“நாம இப்ப ரக்கோர்தோவுக்கு மேல நிக்கிறோம் டீச்சர். இதுதான் ஆப்பியா.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! கி.மு. 312-இல் ஆப்பியுஸ் கிளாடியுஸ் தொடங்கிய சாலை. ரோமிலிருந்து தெற்கே பிரிந்திசி துறைமுகம் வரை. எல்லாச் சாலைக்கும் அரசி என்று ரோமானியர்கள் கொண்டாடிய சாலை. ரக்கோர்தோ போட்டபோது இந்த அரசியைத் தரைமட்டத்திலேயே குறுக்கே வெட்டிவிட்டார்கள். ஆப்பியாவின் இரு பக்கமும் பழையனவற்றை இடித்துப் பங்களா கட்டுகிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றே எழுதியவர் அந்தோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர். 1953-இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க எழுதினார். 1996-இல் அவர் இறந்தார். 2000-ஆம் ஆண்டின் யூபிலியை ஒட்டித்தான் ரக்கோர்தோவை மண்ணுக்கடியில் இறக்கினார்கள். வெட்டுப்பட்ட கல்பாதையை மேலே மறுபடியும் ஒட்டினார்கள். 2024-இல் யுனெஸ்கோ ஆப்பியாவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லட்சம் வண்டி குனிந்து போகிறது, யாரும் நடக்காத ஒரு பழைய பாதைக்காக! சின்னார்க் காட்டில் யானைத்தடம் சாலையைத் தாண்டுகிற இடத்தில் நாம் ஒரு பலகை நட்டு வைப்பதோடு சரி.

பாதையின் இருபுறமும் கல்லறைகள். ஊருக்குள் பிணம் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமின் பழைய சட்டம். அதனால் மதிலுக்கு வெளியே, சாலையோரத்தில், போகிற வருகிறவர் பார்க்கும்படி வைத்தார்கள். வட்டமாக ஒரு பெரிய கல்லறை; காசால் ரொதொந்தோ என்று பெயர். அதன் உச்சியில் பிற்காலத்தில் யாரோ வீடே கட்டிக் குடியிருந்திருக்கிறார்கள்! நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறையூரில் கோயில்கடவுப் பக்கம் பாறைமேல் ஏறினால் முனியறைகள் இருக்கின்றன. மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தவமிருந்த அறை என்று பாட்டி சொல்வாள். பெருங்கற்காலத்து ஈமச் சின்னம் என்று தொல்லியல்காரர்கள் சொல்வார்கள். அதன்மேலும் யாரும் கேட்காத பெயர்களைச் சிலர் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே செத்தவர்களே கல்வெட்டில் பேர் செதுக்கிப் போயிருக்கிறார்கள், எங்கள் முனிகள் ஒரு எழுத்துக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த ஊரும் எங்கள் ஊரும் ஒன்றுக்கொன்று புதிதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மேற்குமலை மிளகு முசிறியில் கப்பலேறி, எகிப்து வழியாக ரோமுக்கு வந்து, மிளகுக்கென்றே கட்டிய கிடங்கில் இறங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் தொமித்தியன் கட்டிய கிடங்கு அது. எங்கள் பாம்பாறு கேரளத்தில் கிழக்கே ஓடுகிற மூன்று ஆறுகளில் ஒன்று. மலையிறங்கி அமராவதியாகிக் கரூருக்குப் போகிறது. கரூரில் அந்த ஆற்று மணலிலேயே ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. காசு அங்கே வந்தது, மிளகு இங்கே வந்தது. நடுவில் வந்த வண்டுக்கு மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை.

திரும்ப வேன் ஏறும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஜனவரியில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. லவுரென்தீனா, பொந்தீனா வழிகள் தாண்டும்போது வானத்தில் புகை எழும்பிச் சுருண்டது. தீப்பிடித்துவிட்டது என்று கத்தினேன். புகை திரும்பியது, கிழிந்தது, மறுபடி திரண்டது. பறவைகள்! குளிர்காலத்தில் வடக்கேயிருந்து லட்சக்கணக்கில் வந்து ரோமில் தங்குகிற கரும்மைனா இனம். நம் வயலுக்கு வருகிற சோளக்குருவிக்குப் பங்காளி. அண்ணாந்து பார்த்து நான் உருகிக்கொண்டிருக்க, பையன் கண்ணாடியை ஏற்றினான். அவை உட்காருகிற மரத்துக்கடியில் காரை நிறுத்தினவர் மறுநாள் காரின் நிறத்தை மறந்துவிடவேண்டியதுதானாம். மழையில்லாத நாளில் சிலர் குடை பிடித்துப் போனதைப் பார்த்து, குளிருக்குப் பயந்துகொண்டு இப்படியா என்று நினைத்திருந்தேன். விஷயம் இதுவா!

தெற்கே மறுபடி டைபர், ஃப்யூமிசீனோ விமான நிலையத்துக்குத் தாழ இறங்குகிற விமானங்கள், ஆயிரக்கணக்கில் சிவப்பு விளக்கு. எண்கள் முப்பதைத் தாண்டின. ஆரேலியாவில் இறங்கினபோது தங்கை மகள் டியூட்டி முடிந்து வாசலில் நின்றிருந்தாள். “பெரியம்மா, நாள் பூரா அந்த நாசமாப்போன ரக்கோர்தோவுலயா இருந்தீங்க?” என்று தலையில் கைவைத்தாள். ரோமில் குடியிருக்கிறவர்களுக்கு அது தலைவலி. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். தினமும் இரண்டு வேளை அதில் நிற்கிறவர்களுக்கு ஆப்பியாவும் ஆடும் எப்படிக் கண்ணில் படும்?

ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரோமுக்குப் போனால், கொலோசியம் வரிசையில் நிற்பதற்கு ஒதுக்கிய நாள்களிலிருந்து அரை நாளைத் திருடிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாருடைய காராவது கிடைக்கும். அந்த ஊரில் நம்மவர் இல்லாத இடமில்லை. காலை நெரிசல் அடங்கிய பிறகு ஏறுங்கள். உள்வளையத்தில் போகச் சொல்லுங்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை நகரத்தைப் பார்த்தபடி இருக்கும். சுரங்கத்தைத் தாண்டியதும் இறங்கி ஆப்பியாவில் கொஞ்ச தூரமாவது நடந்துவிட்டு ஏறுங்கள். மழை நாளும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். காசு எதுவும் கேட்கமாட்டார்கள்.